முழங்காலுக்குள் ஒரு வெள்ளைக் கோடு

என் முழங்காலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். கத்தி படாமல், தோல் கிழியாமல், கட்டிலில் சாய்ந்துகொண்டு, டிவி பார்ப்பதுபோலப் பார்த்தேன். இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் "நெஜமாவா? இன்னா தெரிஞ்சுது?" என்று சேரை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கால் நன்றாகி வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன், எனவே மொத்தமாக எழுதிவிடுகிறேன். காரணம் தெரியாமல் மூட்டு வீங்கிக் கிடக்கிற யாருக்காவது உதவினால் நல்லது.

என் பெயர் பவானி. வீடு வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். ஒரகடத்தில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் சக்கரம் மாட்டுகிற அச்சு செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பழுக்கக் காய்ச்சி அடித்துச் செய்த அச்சு ஆறி எங்களிடம் வரும். அதன்மேல் ஜெல் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்து நகர்த்துவோம். அது காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பும். உள்ளே கீறல் இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பும், திரையில் ஒரு கோபுரம் எழும்பும். கோபுரம் எழுந்த அச்சு வண்டி ஏறாது. ஷிப்ட் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

என் வீட்டுக்காரர் முரளி. எங்கள் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸை ஓட்டுகிறார். வீட்டில் அவருடைய அம்மா கன்னியம்மா, எங்கள் மகள் யாழினி. அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றால் ஆகாது. யாழினிக்கு ஆஸ்பத்திரி என்றால் கேன்டீன் பஜ்ஜி.

கார்த்திகை தீபம் முடிந்த சமயத்தில் ஒரு காலையில் எழுந்தால் வலது முழங்கால் மடங்கவில்லை. முட்டிச் சில்லுக்கு மேலே பன் வைத்தது மாதிரி உப்பியிருந்தது. கம்பெனி முதலுதவி அறையில் ஸ்ப்ரே அடித்து மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. அடுத்த வாரம் திரும்ப வந்தது. மறுபடி வடிந்தது, மறுபடி வந்தது. சூப்பர்வைசர் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நின்று செய்கிற வேலையை ஸ்டூலில் உட்கார்ந்து செய்தால் கை எட்டாது. நான் எழுந்து எழுந்து நின்றேன், கால் மேலும் வீங்கியது.

படப்பையில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்பு ஜோரா இருக்கு. தேய்மானமே இல்ல. ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்."

ரெஸ்ட் எடுத்தேன். சரியாகவில்லை. அடுத்த முறை ஊசி போட்டு மூட்டிலிருந்து நீர் எடுத்தார். தெளிவாக இருக்க வேண்டிய நீர் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கி வந்தது. லேப்பில் வைத்துப் பார்த்தார்கள், கிருமி எதுவும் வளரவில்லை. வாதத்துக்கான ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் 'ஒன்றுமில்லை' என்றுதான் வந்தது. ஒன்றுமில்லாமல் ஒரு கால் எப்படி வீங்கும்? அதுதான் என்னைத் தின்றது.

அத்தை தன் வைத்தியத்தைத் தொடங்கினார். தினமும் காலையில் முடக்கத்தான் தோசை. எனக்கு மட்டும் சுட்டால் நான் முகம் சுளிப்பேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சுட்டார். முரளி பேசாமல் சாப்பிட்டார். யாழினி மட்டும் மூன்றாம் நாள் கேட்டாள்: "ஆயா, எனக்கு முட்டி வலிக்கல, எனக்கு இன்னாத்துக்கு இந்தத் தோசை?"

தை மாசக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், வேலையில் இருக்கும்போதே காய்ச்சல் அடித்தது. முழங்கால் தொட்டால் சுட்டது. தரையில் ஊன்ற முடியவில்லை. முரளி அப்போதுதான் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஆட்டோவுக்கு இன்னாத்துக்கு நிக்கிற? உன் பஸ்லயே இட்டுகினு போ. நான் சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ்வளவு பெரிய பஸ்ஸில் ஒரே ஆள். கடைசி நீள சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முரளி முன்னாலிருந்து கத்தினார்: "பவானி, ஜம்ப் வருது! புட்ச்சிக்கோ!" வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அது. பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரம் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ரோஸி அக்கா. ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை, ஈரத் தரையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் படுத்த உடனேயே தன் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார். அதிகம் பேசாதவர். சில்லை அழுத்தினார், காலை மடக்கிப் பார்த்தார், பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"மூட்டுக்குள்ள ஒரு மெல்லிசு சவ்வு இருக்கும்மா. அதுதான் எண்ணெய் மாதிரி ஒரு நீரைச் சுரந்து மூட்டை வழவழன்னு வெச்சிருக்கு. உங்களுக்கு அந்தச் சவ்வு வீங்கி, தேவைக்கு மேல சுரக்குது. ஏன் வீங்குச்சுன்னுதான் தெரியணும். ஒரே ஒரு மூட்டு, இத்தனை நாளா வீங்குதுன்னா, டிபியா இருக்குமோன்னு பாக்கணும்."

"டிபியா? எனக்கு இருமலே இல்லியே சார்."

"நுரையீரல்ல மட்டுந்தான் வரும்னு இல்ல. மூட்டுலயும் வரும். மருந்து இருக்கு, குணமாயிடும். ஆனா பல மாசம் விடாம சாப்பிடணும். உறுதியா சொல்றதுக்கு உள்ள இருந்து சவ்வு கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும். அதுக்கு முன்னாடி எம்.ஆர்.ஐ. பாக்கலாம்னா மெஷின் ரிப்பேர். அது சரியாகற வரைக்கும் சும்மா இருக்க வேணாம், அல்ட்ராசவுண்ட் ஒண்ணு பாத்துடலாம்."

அவர் போன பிறகு என் காதில் 'டிபி' என்ற ஒரே சொல்தான் நின்றது. என் குழந்தைக்கு ஒட்டிவிட்டிருக்குமா? வேலைக்குத் திரும்ப எடுப்பார்களா? மூட்டு அழுகிப் போகுமா? யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை யாழினியோடு வந்தார். முரளியின் சித்தி ஒருவரும் பார்க்க வந்திருந்தார். டாக்டர் சொன்னதை முரளி மெதுவாகச் சொன்னதும், சித்தி உட்கார்ந்திருந்த சேரைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். முந்தானை மூக்குப் பக்கம் போனது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அத்தை பார்த்தார்.

அத்தை எழுந்து என் கட்டில் பக்கம் வந்தார். நான் பாதி குடித்து வைத்திருந்த டீ டம்ளரை எடுத்தார், மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்தார், சேலை ஓரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சக்கர கம்மி," என்றார். "நாளைக்கு நான் வூட்லயிருந்து போட்டு எத்தினு வரேன்."

அந்த ஒரு வாய் டீயை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மூட்டு டிபி அப்படியெல்லாம் சட்டென்று ஒட்டாது என்று மறுநாள் நர்ஸ் சொன்னார். அத்தைக்கு அது தெரியாது. தெரியாமல்தான் குடித்தார்.

மறுநாள் முற்பகல் ஸ்கேனுக்கு வீல்சேரில் கிளம்பினேன். ரோஸி அக்கா தன் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார்: "முட்டிக்கு ஸ்கேனா? உள்ள புள்ள எதுனா கீதான்னு பாக்கவா?" வார்டே சிரித்தது. எனக்கும் அதே சந்தேகம்தான். யாழினி வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன், இப்போது முட்டிக்கு எப்படி?

காத்திருக்கிற இடத்தில் நான் ஒருத்திதான் வயிறில்லாதவள். மற்ற எல்லோரும் தண்ணீர் பாட்டிலும் கையுமாக, வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு எத்தினி மாசம்?"

நான் போர்வையை விலக்கி முட்டியைக் காட்டினேன். "மூணாவது மாசம் நடக்குது."

அவள் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கி, தண்ணீர் பாட்டில் கீழே உருண்டது. டிபி என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு நான் செய்த முதல் தமாஷ் அதுதான்.

ஸ்கேன் அறை இருட்டாக, ஏசி குளிரில் இருந்தது. டாக்டர் பொன்மணி என்று ஒரு பெண் டாக்டர். என் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"வாங்க, காலை நீட்டிப் படுங்க. முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வைக்கேன். வலிக்காது, பயப்படாதீய."

முட்டிமேல் ஜெல்லைப் பிதுக்கினார். அந்தக் குளிர்ச்சி, அந்த வழவழப்பு! தினமும் என் கையில் ஒட்டிக்கொண்டு போகிற சாமான். அடுத்து அவர் கையில் எடுத்த கருவியைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மேடம், காத்து இடையில பூந்தா ஒலி உள்ள போவாதுன்னுதானே ஜெல் போடறீங்க?"

அவர் கை அப்படியே நின்றது. "ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க அச்சுக்கு இதேதான் பண்றோம் மேடம். இரும்புல கீறல் கீதான்னு பாக்கறதுக்கு."

"அச்சுக்கா! அட!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் இத்தனை வருஷமா இத வச்சுப் பாக்கேன், இரும்புல பாக்கறவங்களைக் கண்டதே இல்ல. அப்ப நீங்க சும்மா படுத்திருக்கப்படாது. நீங்களும் பாருங்க." திரையை என் பக்கம் திருப்பினார்.

நான் தலையணையை மடித்து வைத்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை.

முதலில் அவர் நல்ல காலான இடது முட்டியில் வைத்தார். நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும் என்றார். எங்கள் திரையில் கோபுரங்கள்தான் வரும், இங்கே படமே வந்தது. வெள்ளையும் கறுப்புமாக, மெல்ல அசைகிற படம். "இந்த வெள்ளை வளைவு உங்க சில்லு. எலும்புல ஒலி மோதித் திரும்பிருது, அதான் மேல பளிச்சுனு வெள்ளை, கீழ ஒரே இருட்டு. இந்தா, நூல் நூலா ஓடுதுல்லா, இது தொடைச் சதையைச் சில்லோட கட்டுத நாண். தண்ணி இருந்தா கன்னங்கரேல்னு தெரியும், ஏன்னா அதுல மோதித் திரும்ப ஒண்ணுமில்ல."

"காலை லேசா மடக்குங்க," என்றார். மடக்கினேன். திரையில் அந்த நூல் கட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. என் காலை நான் அசைக்க, உள்ளே அது அசைவதை நானே பார்க்கிறேன்! மறுபடி மடக்கினேன், நீட்டினேன். அவர் சிரித்தார். "போதும், போதும். விளையாட்டுச் சாமான் இல்ல இது."

பிறகு வலது முட்டி. ஒரே பார்வையில் வித்தியாசம் தெரிந்தது. சில்லுக்கு மேலே, இடது காலில் ஒரு மெல்லிய கோடாக இருந்த இடம், இங்கே கறுப்புக் குளமாக விரிந்து கிடந்தது. குளத்தின் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி தடித்த எதுவோ. அதுதான் வீங்கிய சவ்வு. டாக்டர் கருவியால் அழுத்தினார். கறுப்பு விலகி ஓடியது, சாம்பல் அப்படியே நின்றது. ஒரு பொத்தானை அழுத்தினார், சாம்பலுக்குள் சிவப்புப் பொறிகள் மின்னின.

"ரத்த ஓட்டம். சவ்வு கோபமா இருக்கு."

அவர் பேச்சு குறைந்தது. கருவி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஓர் இடத்தைக் கடந்து போய்விட்டு மறுபடி அங்கேயே வந்தது. கூர்ந்து பார்ப்பவர்களின் கை எப்படி மெதுவாகும் என்று எனக்குத் தெரியும். நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சவ்வுக்குள், சில்லின் வெளிப்பக்க ஓரத்தில், ஒரு சின்ன வெள்ளைக் கோடு இருந்தது.

மற்ற வெள்ளையெல்லாம் மங்கலாகவோ வளைந்தோ இருந்தன. இது நேராக, கூர்மையாக இருந்தது. சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம். கோட்டுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது.

"மேடம், அது..."

"இருங்க. நானும் அதத்தான் பாக்கேன்." கருவியை அதே இடத்தில் வைத்துக் குறுக்கே திருப்பினார். கோடு சுருங்கி ஒரு புள்ளியானது. திரும்ப நேராக்கினார், புள்ளி நீண்டு கோடானது. ஒரு பக்கம் பார்த்தால் கோடு, குறுக்கே பார்த்தால் புள்ளி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குச்சி மாதிரி எதுவோ உள்ளே இருக்கிறது.

டாக்டரின் குரல் மாறியிருந்தது. "பவானி, உங்க முட்டியில எப்பவாவது எதுவும் குத்துச்சா?"

"இல்லியே மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கம்பியோ ஊசியோன்னா எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்கும். இது எக்ஸ்ரேக்கு மாட்டாத சாமான். அதுக்குச் சதையும் இதுவும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். மரச் சிராய், குச்சி, முள்ளு..."

கதவுக்குப் பக்கத்தில் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற முரளி கத்தினார்: "வேலிக்காத்தான்!"

அந்த ஒரே சொல்லில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், பைக்கில் வந்துகொண்டிருந்தோம். எங்கள் ஊர் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று எங்கள் மேல் ஏறுவதுபோல வர, முரளி வண்டியை ஓரம் கட்டினார். சேற்றில் சறுக்கியது. அவர் வண்டியோடு நின்றார், நான் மட்டும் போய், வேலிக்காத்தான் என்று நாங்கள் சொல்கிற சீமைக்கருவேல முள்புதரில் முட்டி போட்டு விழுந்தேன். கையிலும் காலிலும் முள். அன்றைக்கு அத்தை லைட்டுக்குக் கீழே உட்கார வைத்து, ஊக்கால் நோண்டி ஒவ்வொன்றாக எடுத்தார். முட்டியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது, கொஞ்ச நாளில் மறைந்தது. அதற்குப் பிறகு யார் அதை நினைத்தோம்? வீக்கம் வந்தது எத்தனையோ நாள் கழித்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் பொன்மணி போனை எடுத்துவிட்டார். "சார், உடனே ஸ்கேன் ரூமுக்கு வர முடியுமா? நீங்க நேர்ல பாக்கணும்."

பெரிய டாக்டர் வந்தார். திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். கோடு, புள்ளி, மறுபடி கோடு. பிறகு அந்த அதிகம் பேசாத மனிதர் தன் மாணவர்களைப் பார்த்து, "எல்லாரையும் கூட்டிட்டு வாங்கய்யா!" என்றார். இருட்டறைக்குள் இத்தனை பேர் எப்படி நுழைந்தார்கள் என்று தெரியவில்லை. என் முட்டியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். டாக்டர் பொன்மணி மறுபடி மறுபடி திருப்பிக் காட்டினார். நான் ஜெல் காய்ந்து ஒட்டுகிற காலோடு ராணி மாதிரி படுத்திருந்தேன்.

"முள் முனை ஒடிஞ்சு உள்ளயே தங்கியிருக்கு," என்று பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார். "அதை வெளிய தள்ளத்தான் உடம்பு இத்தனை நாளா போராடுது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். முள்ளை எடுக்கறப்பவே சவ்வுலயும் ஒரு துண்டு டெஸ்ட்டுக்கு அனுப்புவேன். டிபி இல்லன்னு ரிப்போர்ட் வந்தாத்தான் எனக்கு நிம்மதி."

வார்டுக்குத் திரும்பியபோது செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. ரோஸி அக்கா, "புள்ள இல்லியாமே, முள்ளாமே!" என்று வரவேற்றார். ஆனால் அத்தை மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"நான்தானே எட்த்தேன். கண்ணு தெரியாம ஒண்ண வுட்டுட்டனே. என்னாலதான் இவ்ளோ கஷ்டம்."

"அத்த, அது தோலுக்கு வெளிய தெரியவே இல்ல. உள்ள ஒடிஞ்சிட்ச்சு. டாக்டருங்க, எக்ஸ்ரே, ரத்தம், ஊசி எல்லாத்துக்கும் டிமிக்கி குட்த்துட்டு உக்காந்துகினு இருந்துது. உங்க ஊக்குக்கு மட்டும் மாட்டுமா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

அடுத்த நாள் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு தெளிவாக இருந்தது. டாக்டர் பொன்மணியும் தியேட்டர் உடையில் வந்திருந்தார், ஸ்கேன் கருவிக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு. முள் எங்கே என்று அவர் திரையில் காட்டிக்கொண்டே இருக்க, பெரிய டாக்டர் அதைப் பார்த்துப் பார்த்து எடுப்பார். இல்லாவிட்டால் வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான், பெரிதாகக் கிழிக்க வேண்டியிருக்கும்.

"சார், எனக்கும் திரை தெரியற மாதிரி வெக்க முடியுமா?"

மயக்க மருந்து டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்தார். பெரிய டாக்டர், "வெச்சு விடுங்க. அவங்க இல்லாம இந்தக் கேஸ் நடக்காது," என்றார். முகமூடிக்கு மேலே அவர் கண் சிரித்தது.

என் கால் எனக்கு மரக்கட்டை மாதிரி இருந்தது. திரையில் மட்டும்தான் அது உயிரோடு இருந்தது. வெள்ளைக் கோடு தெரிந்தது. ஓரத்திலிருந்து இன்னொரு பளிச்சென்ற கோடு மெதுவாக உள்ளே வந்தது. இடுக்கி. அதன் வாய் திறந்தது, மூடியது. தவறவிட்டது. மறுபடி. முள்ளின் பக்கத்தில் போய், தொட்டு, வழுக்கியது. கோடு லேசாகச் சாய்ந்தது.

"ஆழமாப் போவுதா?" என்றேன்.

"சார், இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்," என்றார் டாக்டர் பொன்மணி. "கீழ. இன்னும் கீழ. அங்கனதான். அங்கனயேதான்."

இடுக்கி வாய் திறந்தது. மூடியது. இரண்டு கோடுகளும் ஒன்றாக நகர்ந்தன. ஒன்றாகவே திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தன. திரையில் கோடு இருந்த இடம் காலி.

"வந்துட்டு!" என்று கூவினார் டாக்டர் பொன்மணி.

ஒரு வெள்ளைத் துணியில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். கறுப்பாக, ஒரு சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பக்கம் கூர்மையாக. இவ்வளவுதானா! என்னை ஸ்டூலில் உட்கார வைத்தது, வீட்டையே முடக்கத்தான் தோசை தின்ன வைத்தது, சித்தியின் சேரை நகர்த்தியது எல்லாம் இதுதானா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மயக்க மருந்து டாக்டர் என் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

அதற்குப் பிந்தைய நாட்கள்தான் இழுத்தன. மூட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், காய்ச்சல் நின்றது, வீக்கம் வடிந்துகொண்டே வந்தது. பிசியோதெரபி பெண் தினமும் வந்து காலை மடக்கி நீட்டச் சொல்வாள். ஆனால் சவ்வு ரிப்போர்ட் வரவில்லை. முள் இருந்தால் டிபி இல்லை என்று அர்த்தமில்லையே. ஒவ்வொரு தடவை வார்டு கதவு திறக்கும்போதும் என் கண் அங்கே போகும். ரோஸி அக்கா சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது என் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அத்தை வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை ரோஸி அக்கா கட்டில் தலைமாட்டிலும் வைத்துவிட்டுப் போனார். ரோஸி அக்கா அதைப் பத்திரமாகத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ரிப்போர்ட் வந்த அன்று பெரிய டாக்டர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "டிபி இல்ல. வாதமும் இல்ல. முள்ளால வந்த கோபம் மட்டுந்தான். வீட்டுக்குப் போகலாம்."

முரளி அங்கேயே டாக்டரைக் கட்டிப்பிடிக்கப் போனார். டாக்டர் ஒரு அடி பின்வாங்கிக் கையை நீட்டினார். முரளி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார், கியர் போடுவது மாதிரி.

தையல் பிரித்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அத்தையைக் காணவில்லை. கொடுவாளையும் காணவில்லை. யாழினிதான் ஓடிவந்து சொன்னாள்: "ம்மா, ஆயா திருப்பத்துல முள்ளு வெட்டிகினு கீது!"

முரளி என்னைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனார். பின்னாலேயே யாழினி ஒரு பிளாஸ்டிக் சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஊர் திருப்பத்தில் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்த வேலிக்காத்தானை வெட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறல். முரளி கொடுவாளை வாங்கினார். எதிர் வீட்டு அண்ணன் கடப்பாரையோடு வந்தார். வெட்டி முடித்தாலும் வேர் இருந்தால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, புது மனைகளுக்கு மண் சமன் செய்யப் போய்க்கொண்டிருந்த ஜேசிபி ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிறவர் எங்கள் தெருக்காரர்தான்.

"தள்ளுங்க பெரிம்மா," என்றார்.

ஜேசிபியின் கை இறங்கியது. மண்ணுக்குள் போய் ஒரு உலுக்கு உலுக்கியது. வேரோடு, மண்ணோடு, புதர் மொத்தமும் வானத்தில் தொங்கி நின்றது. யாழினி கைதட்டினாள். நான் சேரில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எங்கள் செக்‌ஷனில் கத்துகிற மாதிரி கத்தினேன்: "லெஃப்ட்ல இன்னும் ஒரு வேர் கீதுண்ணா! அதையும் எடுங்க!"

ஷிப்டுக்குப் போகிற பையன்கள் இரண்டு பேர் பைக்கை நிறுத்தினார்கள். "இன்னா பெரிம்மா, ரோடு போடறாங்களா?"

அத்தை இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்வை, மண்.

"ரோடு இல்லப்பா," என்றார். "எங்க வூட்டுப் பொண்ணு முட்டில குடியிருந்துச்சே ஒரு முள்ளு, அதோட வூட்ட காலி பண்றோம்."